‘முள்ளு மேல ஏறுது’: பழைய கார் ஓடும்போது சூடாவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் இருப்பது அப்பா வாங்கிய பழைய மாருதி 800. கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் அதை ஓட்டி, பிரித்து, மாட்டிப் பழகியதால், தெரிந்தவர்களுக்கு வண்டி சூடானால் முதலில் எனக்குத்தான் போன் வரும். அம்பாசிடர், சுமோ, குவாலிஸ், சான்ட்ரோ, ஆம்னி என்று வண்டி மாறும். சந்தேகம் மட்டும் மாறாது. அதனால் அவரவர் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதிலையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

அண்ணே, முள்ளு பாதிக்கு வந்தாலே எனக்குப் பயமா இருக்கு. சாதாரணமா எங்க நிக்கணும்?

எஞ்சின் சூட்டைக் காட்டுகிற முள் பெரும்பாலான வண்டிகளில் பாதியிலோ, பாதிக்குச் சற்றுக் கீழேயோ நிற்கும். அதுதான் சரியான இடம். எஞ்சின் சூடாகாமல் இருப்பது நல்லதென்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. எஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றிவருகிற தண்ணீர் 80 டிகிரிக்கு மேல் வந்தபிறகுதான் எண்ணெய் இளகி ஓடும், பெட்ரோல் ஒழுங்காக எரியும். தெர்மோஸ்டாட் என்கிற சின்ன வால்வு 82 அல்லது 88 டிகிரியில் திறக்கும்படி வைத்திருப்பதே இதற்காகத்தான்.

உங்கள் வண்டியில் முள் தினமும் எங்கே நிற்கிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். அந்த இடத்திலிருந்து ஒரு கோடு மேலே போனாலும் ஏதோ மாறியிருக்கிறது என்று அர்த்தம். சிவப்புக்கு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஓடிட்டு இருக்கும்போது முள்ளு சிவப்புக்குப் போயிட்டு. உடனே என்ன செய்யணும்?

முள் ஏறத் தொடங்கியதுமே பார்த்துவிட்டால் ஏசியை நிறுத்துங்கள். ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில் வைத்து, அதன் காற்றையும் முழு வேகத்தில் விடுங்கள். வெக்கையில் ஹீட்டரா என்று தோன்றும். ஆனால் ஹீட்டருக்குள் இருப்பது ஒரு குட்டி ரேடியேட்டர். எஞ்சின் சூட்டில் கொஞ்சத்தை அது வெளியே எடுத்துவிடும். நம்ம ஊரில் ஹீட்டர் எதற்கு என்று அதன் ரப்பர் ஹோஸ்களைக் கழற்றி அடைத்து வைத்திருக்கிற வண்டிகள் நிறைய உண்டு. அவற்றில் இந்த வழி இல்லை.

சிவப்புக்குப் போய்விட்டால், அல்லது பானட் ஓரத்தில் ஆவி வந்தால், ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். இதில் யோசிக்கவே வேண்டாம். ஒருமுறை குலசேகரத்திலிருந்து வரும்போது முள் சிவப்பைத் தொட்டது. வீட்டுக்கு நாலு கிலோமீட்டர்தானே என்று ஓட்டி வந்தேன். அந்த நாலு கிலோமீட்டரில், எஞ்சினுக்கு மேல் மூடியாக இருக்கிற சிலிண்டர் ஹெட் வளைந்துவிட்டது. அன்றைக்கு நிறுத்தியிருந்தால் ஒரு ஹோஸ் மாற்றுவதோடு முடிந்திருக்கும்.

நிறுத்தியாச்சு. ரேடியேட்டர் மூடியைத் திறந்து பச்சத் தண்ணி ஊத்தலாமா?

உடனே திறக்கவே கூடாது. உள்ளே தண்ணீர் 100 டிகிரிக்கு மேல், அழுத்தத்தில் நிற்கிறது. மூடி திறந்த நொடியில் அது கொதித்துப் பொங்கி முகத்துக்கு வரும். இப்படி முகமும் கையும் வெந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். குறைந்தது முக்கால் மணி நேரம் விடுங்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டு அமுக்கிப் பாருங்கள். கை தாங்குகிற சூட்டில், தளர்வாக இருந்தால் கெட்டித் துணி போட்டு மூடியை முதல் தட்டு வரை மட்டும் திருப்பி, காற்று போனபிறகு முழுதாகத் திறக்கலாம்.

அப்புறமும் குளிர்ந்த தண்ணீரை மொத்தமாக ஊற்ற வேண்டாம். சூடான இரும்பும் அலுமினியமும் சட்டென்று குளிர்ந்தால் விரிசல் விடும். எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டர் கொடுக்காமல் ஐடிலில் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

எதனால சூடாகுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கது? ஒவ்வொரு மெக்கானிக்கும் ஒவ்வொண்ணு சொல்லுதாங்க.

என்னிடம் யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எப்போது சூடாகிறது? நின்றால் சூடாகி, ஓடினால் இறங்குகிறதா? வேகமாகப் போனால்தான் ஏறுகிறதா? ஏற்றத்தில் மட்டுமா? காலையில் ஸ்டார்ட் செய்த ஐந்தாவது நிமிடமே ஏறுகிறதா? இந்தப் பதில் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

எரிகிற பெட்ரோலின் சூட்டில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் வழியாகத்தான் வெளியே போகிறது. அதற்கு மூன்று காரியம் நடக்க வேண்டும். தண்ணீர் போதுமான அளவு இருக்க வேண்டும், அது சுற்றிவர வேண்டும், ரேடியேட்டர் வழியாகக் காற்று போக வேண்டும். நின்றால் சூடாகிறது என்றால் காற்றைச் சந்தேகப்படுங்கள். வேகத்தில் சூடாகிறது என்றால் தண்ணீர் ஓட்டத்தைச் சந்தேகப்படுங்கள். ஸ்டார்ட் செய்ததுமே ஏறினால் தண்ணீர் இல்லை, அல்லது தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கிவிட்டது, அல்லது சிலிண்டர் ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவில் இருக்கிற ஹெட் கேஸ்கட் போய்விட்டது. இதைக் கேட்காமல் ஒவ்வொரு சாமானாக மாற்றுகிறவரிடம் வண்டியை விடாதீர்கள். பணமும் போகும், கோளாறும் அப்படியே இருக்கும்.

மார்த்தாண்டம் சந்தைப் பக்கம் ஊர்ந்து போனா முள்ளு ஏறுது. பாலத்துக்கு மேல போனா இறங்கிருது. ஏன்?

இது காற்றுக் கோளாறு. பம்மத்தில் மேம்பாலம் ஏறினால் வண்டியின் வேகமே ரேடியேட்டருக்குக் காற்றைக் கொடுத்துவிடுகிறது. கீழே சந்தை நெரிசலில் ஃபேனை விட்டால் வேறு காற்று கிடையாது. ஆகவே ஃபேனைப் பாருங்கள். மாருதி, சான்ட்ரோ, இண்டிகா மாதிரி வண்டிகளில் மின்சார ஃபேன். வண்டியை நிறுத்தி ஐடிலில் ஓடவிட்டு, முள் வழக்கமான இடத்தைத் தாண்டும்போது ஃபேன் சுற்றுகிறதா என்று கவனியுங்கள். சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, ஃபேன் சுவிட்ச், மோட்டார் என்று வரிசையாகப் பாருங்கள். பழைய கார்புரேட்டர் வண்டிகளில் ஃபேன் சுவிட்சின் இரண்டு வயரையும் ஒன்றாகத் தொடவைத்தால் ஃபேன் சுற்ற வேண்டும். அப்படிச் சுற்றினால் மோட்டார் நன்றாக இருக்கிறது, சுவிட்ச்தான் போய்விட்டது.

ஃபேன் சுற்றினாலும் திருப்திப்பட வேண்டாம். கார்பன் தேய்ந்த மோட்டார் மெதுவாகச் சுற்றும். கண்ணுக்குச் சரியாகத் தெரியும், காற்று வராது. சமீபத்தில் மோட்டார் மாற்றியிருந்தால் வயர் மாறிப்போய் எதிர்ப்பக்கம் சுற்றுகிறதா என்றும் பாருங்கள். ஒரு தாளை ரேடியேட்டருக்கு முன்னால் பிடித்தால் அது உள்பக்கமாக ஒட்டிக்கொள்ள வேண்டும். சுமோ, குவாலிஸ் மாதிரி வண்டிகளில் எஞ்சினே பெல்ட் வழியாக ஃபேனைச் சுற்றுகிறது. அதன் நடுவில் இருக்கிற விஸ்கஸ் கப்ளிங் போய்விட்டால் ஃபேன் வழுக்கும். எஞ்சின் சூடாக இருக்கும்போது அணைத்துவிட்டு ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையே இல்லாமல் சுற்றிக்கொண்டே போனால் கப்ளிங் முடிந்தது.

எனக்க வண்டி டவுனுக்குள்ள ஒரு பிரச்சினையும் இல்ல. ஆரல்வாய்மொழி ரோட்ல 80ல போனா சூடாகுது. காத்துதான் நல்லா அடிக்குதே?

காற்று அடிக்கிறதுதான். ஆனால் எந்தப் பக்கமிருந்து என்று பாருங்கள். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. முப்பந்தல் காற்றாலைகள் நிற்பதே அதை நம்பித்தான். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகும்போது அது உங்களுக்கு முதுகுக் காற்று. வண்டி 60ல் போய், பின்னாலிருந்து காற்று 40ல் வந்தால், ரேடியேட்டருக்குக் கிடைப்பது 20 கிலோமீட்டர் வேகக் காற்றுதான். லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போனால் அதுவும் குறையும். திரும்பி வரும்போது எதிர்க்காற்று. ரேடியேட்டருக்கு நல்லது, ஆனால் எஞ்சின் அதிகம் உழைக்கும். அதனால் போகும்போதும் வரும்போதும் முள் எப்படி இருக்கிறது என்று தனித்தனியாகக் கவனியுங்கள்.

இரண்டு பக்கமும் சூடானால் தண்ணீர் ஓட்டம் சரியில்லை. டவுனில் எஞ்சின் தருகிற சூடு குறைவு. பாதி அடைத்த ரேடியேட்டரும் அதைச் சமாளித்துவிடும். 80ல் போகும்போதுதான் குட்டு வெளிப்படும். தூரத்திலிருந்து சூட்டை அளக்கும் துப்பாக்கி மாதிரித் தெர்மாமீட்டர் ஒன்று வைத்திருங்கள். (கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டியது இதற்கு ஆகாது. அது உடம்புச் சூட்டை மட்டும்தான் அளக்கும்.) சூடான ரேடியேட்டர் முழுக்க அதைக் காட்டிக்கொண்டே போனால், தண்ணீர் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம் வரை சூடு படிப்படியாகக் குறைய வேண்டும். நடுவில் திட்டுத்திட்டாகக் குளிர்ந்த இடம் இருந்தால் அங்கே குழாய் அடைத்திருக்கிறது.

இன்னொன்றையும் பாருங்கள். ரேடியேட்டரின் கீழ் ஹோஸ், வாட்டர் பம்ப் தண்ணீரை உறிஞ்சுகிற பக்கம். பல வண்டிகளில் அதற்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கும். அது துருப்பிடித்துப் போய், ரப்பரும் இளகிவிட்டால், வேகத்தில் ஹோஸ் உள்ளே ஒட்டிக்கொள்ளும். நின்றவுடன் பழையபடி ஆகிவிடுவதால் யாருக்கும் தெரியாது. ஒருவர் ஆக்சிலேட்டரை அழுத்த, இன்னொருவர் ஹோஸைப் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

ஆள் நிறைஞ்சு கோதையாறு ஏற்றத்துல போனா மட்டும் சூடாகுது. இது கோளாறா, இல்ல வயசா?

வயதான வண்டியும் ஏற்றத்தில் கொதிக்கக் கூடாது. முள் ஒரு கோடு ஏறி, சமதளம் வந்ததும் இறங்கினால் விட்டுவிடலாம். அதற்கு மேல் போனால் போன பதிலில் சொன்ன அரை அடைப்புதான் பெரும்பாலும் காரணம். ஏற்றத்தில் வேகம் குறைவு, உழைப்பு அதிகம். காற்றும் ஓட்டமும் இரண்டுமே சோதிக்கப்படுகிற இடம் அது.

ஓட்டுகிற முறையும் முக்கியம். மூன்றாம் கியரில் எஞ்சின் முனகிக்கொண்டு ஏறுவதைவிட இரண்டாம் கியரில் தாராளமாகச் சுற்றவிட்டு ஏறுங்கள். பம்பும் வேகமாகச் சுற்றும், பெல்ட் ஃபேன் உள்ள வண்டியில் காற்றும் கூடும். 22 கொண்டை ஊசி வளைவு உள்ள பொன்முடிக்கு என் 796 சிசி வண்டி நாலு பேரோடு இப்படித்தான் ஏறியது.

கூலண்ட் எல்லாம் தேவையா? எங்க வீட்டுக் கிணத்துத் தண்ணி இளநீர் மாதிரி இருக்கும்.

குடிக்க ருசியான தண்ணீரிலும் சுண்ணாம்பும் உப்பும் இருக்கும். கெட்டிலில் படிகிற வெள்ளைப் படிவு எஞ்சினுக்குள்ளும் படியும். கடலோர ஊர்க் கிணறுகளில் உவர்ப்பு வேறு. ஒரு மில்லிமீட்டர் படிவு போதும், சூடு வெளியே போவது குறைந்துவிடும். உள்ளே துரு பிடித்து, அந்தத் துரு ரேடியேட்டர் குழாயை அடைக்கும். வண்டியைத் திறந்தால் செங்கல் கரைத்த நிறத்தில் தண்ணீர் வருவது இதனால்தான்.

நம்ம ஊரில் தண்ணீர் உறையாது. அந்தக் காரணத்துக்கு இங்கே கூலண்ட் வேண்டாம். துருப்பிடிக்காமல் தடுக்கிற மருந்து அதில் இருப்பதால் வேண்டும். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரோடு 30 முதல் 50 சதவீதம் கலந்தால் போதும். கலக்காமல் முழுக் கூலண்டை ஊற்றினால் சூடு கடத்துவது குறைந்து வண்டி கூடுதலாகத்தான் சூடாகும். கலந்தே விற்பதும் உண்டு. டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். பழைய பச்சை வகையை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வகை தெரியாமல் ஒன்றோடொன்று கலக்க வேண்டாம்.

தெர்மோஸ்டாட்டைக் கழத்தி எறிஞ்சிட்டா சரியாகும்னு மெக்கானிக் சொன்னார். செய்யலாமா?

வேண்டாம். என் வண்டிக்கும் ஒரு பட்டறையில் இதைச் செய்தார்கள். முதல் மாதம் நன்றாகத்தான் இருந்தது. முள் பாதிக்கே வரவில்லை, பெட்ரோல் மட்டும் கூடுதலாகக் குடித்தது. முதல் கேள்வியில் சொன்ன 80 டிகிரிக்கு எஞ்சின் வரவே இல்லை. எண்ணெய் கெட்டியாகவே ஓடியதால் தேய்மானமும் கூடியிருக்கும். உண்மையான கோளாறு அடைத்த ரேடியேட்டர். அது மறைந்து நின்று, மறு கோடையில் பெரிதாக வந்தது. சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பக்கவழியை மூடும். அதைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றும். அந்த வண்டிகள் முன்பைவிட அதிகமாகச் சூடாகும்.

தெர்மோஸ்டாட் மேல் சந்தேகம் என்றால் கழற்றிச் சோதியுங்கள். அடுப்பில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். அதன்மேல் பொறித்திருக்கிற டிகிரி பக்கம் திறக்கத் தொடங்கி, கொதிப்பதற்குள் நன்றாகத் திறந்துவிட வேண்டும். திறக்காவிட்டால் புதிது போடுங்கள். விலை பெரிதில்லை.

ஏசி போட்டா மட்டும் முள்ளு ஏறுது.

ரேடியேட்டருக்கு முன்னால் ஏசியின் கண்டென்சர் இருக்கிறது. அது தன் சூட்டை ரேடியேட்டருக்குப் போகிற காற்றில்தான் விடுகிறது. கம்ப்ரசர் வேறு எஞ்சினுக்குப் பாரம். ஏற்கெனவே பலவீனமாக இருக்கிற ஏற்பாடு இதில் தோற்றுவிடும். ஏசி போட்டவுடன் ஃபேன் தானாகச் சுற்ற வேண்டும். அது நடக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பிறகு கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள். வெளியிலிருந்து தெரியாத குப்பை அங்கேதான் சேரும். மார்கழி, தையில் ரப்பர் இலை உதிர்கிற காலத்தில் குலசேகரம், அருமனைப் பக்கம் ஓடுகிற வண்டிகளில் பொடிந்த இலையைக் கைப்பிடி கைப்பிடியாக எடுத்திருக்கிறேன். கயிறு ஆலைப் பக்கம் ஓடினால் சகிரித் தூள், அதாவது தேங்காய் நார்த் தூள். எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாக, தண்ணீரை மெதுவாக அடித்துக் கழுவுங்கள். பிரஷர் வாஷ் குழாயைக் கிட்டே பிடித்தால் மெல்லிய தகடுகள் எல்லாம் மடங்கிவிடும்.

ரேடியேட்டர்ல வெள்ளம் (தண்ணி) குறையுது, ஆனா எங்கயும் ஒழுகல்ல. எங்கதான் போகுது?

ஓடும்போது, அழுத்தத்தில் மட்டும் ஒழுகி, சூட்டில் உடனே காய்ந்துவிடும். அதனால் தரையில் ஈரம் இருக்காது. காய்ந்த தடம் இருக்கும். ஹோஸ் இணைப்புகளில், வாட்டர் பம்புக்குக் கீழே இருக்கிற சின்னத் துளையில், எஞ்சின் பிளாக்கில் காசு மாதிரிப் பதித்திருக்கிற கோர் பிளக்குகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ கறை தேடுங்கள். பம்பின் துளையில் கறை இருந்தால் உள்ளே சீல் போய்விட்டது, பம்ப் மாற்ற வேண்டும். அந்தத் துளையை எம்சீல் வைத்து அடைத்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகும். முன்பக்கம் கால் வைக்கிற இடத்தில் மிதியடி நனைந்து, இனிப்பு வாசனை வந்தால் ஹீட்டருக்குள் ஒழுக்கு. இவை எதுவும் இல்லையென்றால் மூடியைப் பாருங்கள், அடுத்த பதில் அதுதான். அதுவும் நன்றாக இருந்தால் தண்ணீர் எஞ்சினுக்குள்ளேயே எரிகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ரேடியேட்டர் மூடி வெறும் மூடிதானே? அதைப் போய் ஏன் மாத்தச் சொல்லுதீங்க?

அது ஒரு வால்வு. தண்ணீர் திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும். மூடி 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் 118 டிகிரி வரை கொதிக்காது. ஸ்பிரிங் தளர்ந்து, ரப்பர் வெடித்த மூடி அந்த 18 டிகிரியைப் பறித்துவிடும். எஞ்சினில் வேறு கோளாறே இல்லாமல் தண்ணீர் கொதித்து வெளியே போகும்.

மூடியின் நடுவில் இன்னொரு சின்ன வால்வு இருக்கிறது. வண்டி குளிரும்போது பக்கத்து பாட்டிலிலிருந்து தண்ணீரை உள்ளே இழுக்க விடுவது அது. அது சிக்கிவிட்டால் பாட்டிலில் தண்ணீர் நிறைந்தே இருக்கும், ரேடியேட்டர் காலியாகிக்கொண்டே வரும். காலையில் மேல் ஹோஸ் சப்பிக் கிடந்தால் இதுதான். சில நூறு ரூபாய்ச் சாமான். பழைய மூடியில் பொறித்திருக்கிற அதே அழுத்தம் உள்ளதை வாங்குங்கள். கூடுதல் அழுத்தம் உள்ளதைப் போட்டால் பழைய ஹோஸும் ரேடியேட்டரும் கிழியும்.

வழியில ரேடியேட்டர் ஒழுகினா மஞ்சப்பொடி போடணும்னு டிரைவர் அண்ணன் ஒருத்தர் சொன்னார். உண்மையா?

ஊசி முனை ஓட்டையை அது அடைக்கும், உண்மைதான். ஆனால் அதே பொடி நல்ல குழாய்களிலும் படியும். வேறு வழியே இல்லாமல் ஆளில்லாத இடத்தில் நிற்கிறீர்கள் என்றால் வீடு வந்து சேரப் போடுங்கள். வந்த மறுநாளே முழுக்கக் கழுவி, ஓட்டையைச் சரி செய்யுங்கள். கடையில் விற்கிற லீக் அடைக்கும் பொடிக்கும் இதே பதில்தான்.

நாங்க குளச்சல்ல கடலுக்குப் பக்கம். ரேடியேட்டர் ஒழுகவும் இல்ல, அடைக்கவும் இல்ல, ஆனா சூடாகுது.

தகடுகளை விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். உப்புக்காற்றில் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் அரித்து, தொட்டால் பொடியாக உதிரும். குளச்சல், முட்டம், மணக்குடி, தேங்காய்ப்பட்டணம் பக்கத்து வண்டிகளில் இது சாதாரணம். குழாய் நன்றாக இருப்பதால் ஒழுகாது. ஆனால் சூட்டைக் காற்றுக்குக் கொடுப்பது தகடுதான். தகடும் குழாயும் ஒட்டியிருக்கிற இடம் அரித்துவிட்டால், தகடு இருந்தும் பயனில்லை. கழுவுவதால் இது சரியாகாது, ரேடியேட்டர் மாற்ற வேண்டும். பித்தளை ரேடியேட்டர் உள்ள பழைய வண்டி என்றால் ரேடியேட்டர் கடையில் நடுப்பகுதியை மட்டும் புதிதாகக் கட்டித் தருவார்கள்.

புதியது போட்டபிறகு வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் முன்பக்கத்தைக் கழுவிவிடுங்கள். மீன் ஏற்றி ஓடுகிற வண்டி என்றால் தினமும். உப்புக்காற்று ஃபேன் வயரின் முனைகளையும் எர்த் இணைப்பையும் அரிக்கும். மார்த்தாண்டம் கேள்விக்குச் சொன்ன சோதனையை நீங்கள் வருடத்துக்கு இரண்டு முறையாவது செய்வது நல்லது.

ஃபேனை டைரக்ட் பண்ணிட்டா என்ன? சாவி போட்டாலே சுத்தட்டுமே.

அவசரத்துக்கு வீடு வந்து சேரலாம். நிரந்தரமாக வேண்டாம். மோட்டார் சீக்கிரம் தேயும், ஆல்டர்னேட்டருக்கும் பாரம். ரிலேயும் ஃபியூஸும் இல்லாமல் மெல்லிய வயரில் இழுத்தால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. போனது சுவிட்ச் என்றால் சுவிட்சை மாற்றுங்கள்.

ஏறி நின்ன முள்ளு திடீர்னு கீழ விழுந்துட்டு. அப்பாடா, தணிஞ்சிட்டுன்னு ஓட்டினேன். ஆனா எஞ்சின் நின்னுட்டு. எப்படி?

இதைக் கேட்டால் எனக்கு வயிறு கலங்கும். முள்ளுக்குச் சேதி சொல்கிற சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். தண்ணீர் முழுக்கப் போய்விட்டால் அது வெறும் ஆவியில் நிற்கும், முள் கீழே இறங்கும். எஞ்சின் அப்போதுதான் மிக மோசமான சூட்டில் இருக்கிறது. காரணமில்லாமல் முள் விழுந்தால், ஹீட்டரிலும் குளிர்ந்த காற்று வந்தால், அந்த நொடியே அணைத்துவிடுங்கள்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். வண்டி சூடாகாமலே முள் மட்டும் ஏறும். லைட் போட்டால் ஏறி, அணைத்தால் இறங்குகிறது என்றால் அது எர்த் கோளாறு. துப்பாக்கித் தெர்மாமீட்டரைத் தெர்மோஸ்டாட் கூட்டின்மேல் காட்டி, முள் சொல்வது உண்மைதானா என்று பார்த்தபிறகு எஞ்சினில் கை வையுங்கள்.

ஹெட் கேஸ்கட் போயிருக்குன்னு சொல்லுதாங்க. பிரிக்காம உறுதி பண்ண முடியுமா?

முடியும். பிரிப்பதற்கு முன் கட்டாயம் செய்யுங்கள். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து, தண்ணீரை நிரப்பி, ஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் நாலைந்து குமிழி வந்து நின்றால் அது சிக்கியிருந்த காற்று. நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்கக் கூடினால், சிலிண்டர் காற்று தண்ணீருக்குள் வருகிறது. மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்தால் ஓரிரு நிமிடத்தில், தண்ணீர் சூடாகும் முன்பே மேல் ஹோஸ் கல் மாதிரி ஆவதும் இதே அடையாளம். ரேடியேட்டர் வாயில் வைத்துச் சோதிக்கிற நீல நிறத் திரவமும் இருக்கிறது. எரிந்த வாயு பட்டால் மஞ்சளாகும்.

எண்ணெய் மூடியைத் திறந்து பால் மாதிரி இருக்கிறது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். நம்ம ஊரில் இரண்டு மழைக்காலம். ஈரக் காலத்தில் பக்கத்துக் கடைக்கு மட்டும் ஓடுகிற வண்டியில் அந்த மூடியில் வெள்ளையாகக் கொஞ்சம் படியும். எண்ணெய் அளவு பார்க்கிற டிப் ஸ்டிக்கிலும் பால் நிறம் இருந்தால்தான் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது. அப்படியானால் வண்டியை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம்.

கேஸ்கட் மாத்தி ரெண்டு மாசம்தான் ஆச்சு. மறுபடியும் போயிட்டு. சாமான் டூப்ளிகேட்டா?

இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் ஹெட்டை மட்டம் பார்க்காமல் பூட்டியிருப்பார்கள். அலுமினிய ஹெட் ஒருமுறை கொதித்தால் வளையும். நேரான இரும்புச் சட்டத்தை மேலே வைத்து, இடைவெளி அளக்கிற மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்க வேண்டும். பல சின்ன எஞ்சின்களில் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. இருந்தால் லேத்தில் கொடுத்து மட்டம் செய்யவேண்டும், விரிசல் இருக்கிறதா என்றும் சோதிக்க வேண்டும். போல்ட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றாக, முறுக்கும் அளவைக் காட்டுகிற டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும். கைக்கணக்கு இங்கே போதாது.

அப்புறம், முதல்முறை ஏன் கொதித்தது? அந்தக் காரணத்தைச் சரி செய்யாமல் கேஸ்கட் மட்டும் மாற்றினால் மறுபடியும் கொதிக்கும், மறுபடியும் போகும். நாலாவது கேள்விக்கே திரும்பிப் போங்கள்.

ரேடியேட்டர், பம்ப், தெர்மோஸ்டாட், ஃபேன் எல்லாம் புதுசு. இன்னும் சூடாகுது. இனி என்ன பாக்க?

முதலில் காற்றடைப்பு. தண்ணீர் மாற்றும்போது உள்ளே காற்று தங்கிவிட்டால் தண்ணீர் சுற்றாது. வண்டியின் முன்பக்கத்தை ஏற்றமாக நிறுத்தி, மூடியைத் திறந்து, ஹீட்டரைச் சூட்டில் வைத்து, தெர்மோஸ்டாட் திறந்து குமிழி நிற்கும்வரை ஐடிலில் விட்டு, குறையக் குறைய நிரப்புங்கள். சாமான்கள் எல்லாம் புதிது என்று வருகிற வண்டிகளில் பாதி எனக்கு இதிலேயே சரியாகியிருக்கிறது. பெல்ட் தளர்ந்து வழுக்குகிறதா என்றும் பாருங்கள்.

அதுவும் இல்லையென்றால், சூட்டை வெளியேற்றுவதை விட்டுவிட்டு, எஞ்சின் ஏன் இவ்வளவு சூட்டை உண்டாக்குகிறது என்று பாருங்கள். இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருந்தால் பெட்ரோல் தாமதமாக எரிந்து சூடு எக்ஸாஸ்ட் பக்கம் போகும். கார்புரேட்டரில் பெட்ரோல் குறைந்து காற்று கூடினாலும் சூடாகும். சைலன்சர் உள்ளே அடைத்திருந்தாலும் அப்படித்தான். பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறதா? பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, நாலு வீலின் சூட்டையும் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் எஞ்சின் அந்த பிரேக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. மாதக்கணக்கில் சூடாகிக்கொண்டிருந்த ஓர் ஆம்னியில் கடைசியில் பிடிபட்டது பின்பக்க பிரேக்.

செகண்ட் ஹேண்ட்ல ஒரு மாருதி 800 பாத்து வச்சிருக்கேன். சூடாகுற வண்டின்னா வாங்கும்போதே தெரியுமா?

மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியோடு நின்றுவிட்டது. இனி கிடைப்பதெல்லாம் பத்து வருடம் தாண்டியவைதான். அதனால் கட்டாயம் பாருங்கள். ‘வரும்போது வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க’ என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சினில்தான் மூடியைத் திறந்து தண்ணீரின் நிறம் பார்க்க முடியும், கேஸ்கட் சோதனையும் செய்ய முடியும். தெர்மோஸ்டாட் கழற்றியிருந்தால் ஸ்டார்ட் செய்தவுடனே மேல் ஹோஸ் மெதுவாகச் சூடேறத் தொடங்கும். இருந்தால் சில நிமிடம் குளிர்ந்தே கிடந்து பிறகு சட்டென்று சூடாகும். ஃபேன் வயர் தனியாக இழுத்து டைரக்ட் செய்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிறகு நாகர்கோவிலில் வடசேரியிலிருந்து கோட்டார் வரை சாயங்கால நெரிசலில் ஊர்ந்து, அங்கிருந்து ஆரல்வாய்மொழி வரை வேகமாகப் போய்த் திரும்புங்கள். இரண்டு வகைச் சூடும் இந்த ஓட்டத்தில் தெரிந்துவிடும். வந்து நிறுத்தி எஞ்சினை அணைக்காமல் பத்து நிமிடம் விடுங்கள். ஃபேன் தானாகச் சுற்றி, தானாக நின்று, மறுபடியும் சுற்ற வேண்டும். அதுவரை முள்ளைப் பார்த்துக்கொண்டிருங்கள். பத்து நிமிடம் காத்திருக்க விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.